ஏப்ரல் வெயிலில் தேறுமா?

கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் இரண்டு ரகம். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புகிறவர்கள் ஒரு ரகம். அதற்கு மேலும் கொஞ்சம் கறந்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இன்னொரு ரகம். மெமரி விஷயத்தில் முதல் ரகத்தார் பல சமயம் காசு கொடுத்த வேகத்தைக்கூடப் பெறுவதில்லை. இரண்டாம் ரகத்தாருக்கு, பெற்ற வேகத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது தெரிவதில்லை.

'3200' என்று அச்சிட்ட டிடிஆர்-4 ரேமை மதர்போர்டில் செருகிப் பொத்தானை அழுத்தினால், அது பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666 வேகத்தில்தான் ஓடத் தொடங்கும். மெமரிக்குப் பொதுத்தரம் வகுக்கும் 'ஜெடெக்' அமைப்பின் விதிப்படி, தயக்கமில்லாமல் ஓடக்கூடிய வேகம் அது. அச்சிட்ட வேகம் வேண்டுமென்றால் 'பயாஸ்' திரைக்குள் போய் 'எக்ஸ்எம்பி' என்ற வரியை இயக்க வேண்டும். 2007-ல் இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு இது. 2022-ல் ஏஎம்டி தன் பங்குக்கு 'எக்ஸ்போ' என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. வேகம், டைமிங், வோல்டேஜ் மூன்றையும் ஒரே தட்டலில் மாற்றிவிடும் வசதி. கடைக்காரர் அதை இயக்கித் தராவிட்டால், வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் தெரியாமலே மெதுவான மெமரியுடன் காலம் தள்ளுவார். இயக்கித் தந்தாலோ, அவர் வீட்டில் இருப்பது ஓவர்க்ளாக் செய்த இயந்திரம். அதுவும் அவருக்குத் தெரியாது. இது பொதுத்தரத்தை மீறிய ஓட்டம் என்றும், உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்றும் தயாரிப்பாளர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள், வழக்கம்போலச் சின்ன எழுத்தில்.

இந்த எண்களைச் சோதிக்கும் இடம் ஒன்று, அவை உழைக்க வேண்டிய இடம் வேறு. ஏசி போட்ட அறையில் தேறியது எங்கும் தேறும் என்று சொல்ல முடியாது. எருத்தேன்பதியை எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர். ரேஷன் அட்டை கேரளத்தினுடையது, வீட்டுப் பேச்சு தமிழ். மேற்குத்தொடர்ச்சி மலை விலகி வழிவிட்ட பாலக்காட்டுக் கணவாயில் இருப்பதால், கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் ஈரமும் குளுமையும் இங்கே குறைவு. கோடையில் 40 டிகிரி என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது.

இந்தப் பக்கத்து விவசாயிக்கு மெமரி டைமிங்கை விளக்குவது கம்ப்யூட்டர் படித்தவருக்கு விளக்குவதைவிட எளிது. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு வந்தாக வேண்டும். அது கால்வாய்களில் முறைவைத்துப் பிரியும். மடையைத் திறந்த அடுத்த நிமிடமே கடைமடை வயலுக்கு நீர் எட்டிவிடாது. காத்திருக்க வேண்டும். எட்டும் முன்பே மடையை அடைத்து அடுத்தவர் முறையைத் தொடங்கினால், கணக்குப் புத்தகத்தில் 'நீர் விடப்பட்டது' என்று இருக்கும், வயல் காய்ந்து கிடக்கும்.

மெமரிக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1966-ல் யோசித்து 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் ஓடுகிறது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கபாசிட்டர். கபாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கோடிக்கணக்கான இந்தச் சிறு தொட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு எண்ணைப் படிக்க முதலில் அதன் வரிசை முழுவதையும் திறக்க வேண்டும், பிறகு அதில் குறிப்பிட்ட பத்தியைத் தொட வேண்டும், முடிந்ததும் வரிசையை மூடி அடுத்ததற்குத் தயாராக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இத்தனை கிளாக் துடிப்புகள் காத்திரு என்ற கட்டளையே டைமிங். ரேம் மீது '16-18-18-36' என்று ஒட்டியிருப்பது அந்தக் காத்திருப்புகளின் பட்டியல். வோல்டேஜை உயர்த்துவது நீர்மட்டத்தை உயர்த்துவதுபோல. கடைமடைக்குச் சீக்கிரம் எட்டும், கரைக்கு மட்டும் அழுத்தம் கூடும்.

எண்ணைக் குறைத்தால் வேகம் என்று மொட்டையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 3200 என்பது ஒரு விநாடியில் 320 கோடி பரிமாற்றம். துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம் என்பதால் உண்மையான கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்பு 0.625 நானோவிநாடி. 16 துடிப்புக் காத்திருந்தால் 10 நானோவிநாடி. 3600 வேகத்தில் 18 துடிப்பு என்றாலும் அதே 10. டிடிஆர்-5 வகையில் 6000 வேகமும் 30 துடிப்பும் உள்ள ரேமை அதிக விலை கொடுத்து வாங்கினாலும் அதே 10-தான். 1998-ல் வந்த பிசி-100 மெமரியில் இந்தக் காத்திருப்பு 20 நானோவிநாடியாக இருந்தது. கால் நூற்றாண்டில் விநாடிக்கு அள்ளித் தரும் அளவு 60 மடங்கு பெருகியது, முதல் சொட்டு வந்துசேரும் நேரம் பாதியாகத்தான் குறைந்தது. சிலிக்கான் எவ்வளவு பிடிவாதமான சரக்கு என்பதற்கு இது போதும்.

வோல்டேஜ் என்றதும் கிராமத்து வீடுகளில் நினைவுக்கு வருவது ஸ்டெபிலைசர். இது அந்த வோல்டேஜ் அல்ல. சுவரில் வரும் 230 வோல்ட் எப்படி ஆடினாலும், உள்ளே மெமரிக்குப் போவது தனியே சீராக்கப்பட்ட ஒன்றேகால் வோல்ட்டுக்கு அருகிலான சமாசாரம். டிடிஆர்-4 பொதுத்தரத்தில் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் பெரும்பாலும் 1.35. டிடிஆர்-5 என்றால் பொதுத்தரம் 1.1. சாம்சங்கின் 'பி-டை' என்ற சிப் 1.45, 1.5 வரை கொடுத்தாலும் சந்தோஷமாக டைமிங்கைக் குறைத்துக்கொள்ளும் என்று பெயர் வாங்கியது. வேறு பல சிப்புகளுக்கு அதே அளவைக் கொடுத்தால் சூடுதான் மிச்சம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு ரேம்களே ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

மெமரியோடு போகும் விஷயமும் இல்லை இது. மெமரியோடு பேசும் கண்ட்ரோலர் பிராசஸருக்குள்ளே இருக்கிறது. மெமரி வேகமெடுக்க அதற்கும் வோல்டேஜ் கூட்ட வேண்டும். 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்கள் சில, மதர்போர்டு சாக்கெட்டோடு சேர்ந்து கருகிப்போன படங்கள் உலகெங்கும் சுற்றின. எக்ஸ்போவை இயக்கியதும் சில மதர்போர்டுகள் தாராளமாக வோல்டேஜை ஏற்றிக்கொண்டதே காரணம் என்று பேசப்பட்டது. அந்த வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று ஏஎம்டி கடிவாளம் போட்டது. அதாவது விரலை வைத்தது பயனாளர், எண்ணைத் தீர்மானித்தது வேறு யாரோ.

சரி, ஒரு கணக்கு நிலையானதா என்று எப்படித் தெரியும்? விண்டோஸ் வந்துவிட்டது, கேம் ஓடுகிறது என்பதெல்லாம் சான்றாகாது. நிதானக்காரர்களின் வழி ஒன்றுதான். முதலில் டைமிங்கைத் தளர்த்தி வைத்து வேகத்தை மட்டும் ஒரு படி ஏற்றுவார்கள். கிறிஸ் பிரேடி 1994-ல் எழுதிய மெம்டெஸ்ட்-86 போன்ற சோதனையை இரவு முழுக்க ஓட்டுவார்கள். பகா எண் வேட்டைக்காக 1996-ல் பிறந்த பிரைம்-95 நிரலையும் பிராசஸருக்கும் மெமரிக்கும் சேர்த்துக் கசையடியாகப் பயன்படுத்துவதுண்டு. தேறினால் அடுத்த படி. பிறகு டைமிங்கில் ஒன்றே ஒன்றை ஒரு துடிப்புக் குறைப்பார்கள், மறுபடி இரவு முழுக்கச் சோதனை. இரண்டை ஒன்றாகக் குறைத்துவிட்டுப் பிழை வந்தால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். நூறு சுற்றில் ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், இதில் 'பார்டர் பாஸ்' கிடையாது. பொறுமையில்லாதவர்கள் யாரோ எங்கோ போட்ட எண்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதைப்போல.

ஆனால் அந்த இரவுச் சோதனையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அது இரவில் நடக்கிறது. அந்தச் சிறு தொட்டிகள் ஒழுகுகிறவை. அதனால்தான் டிடிஆர்-4 மெமரி ஒவ்வொரு தொட்டியையும் 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கிறது. 7.8 மைக்ரோவிநாடிக்கு ஒரு கட்டளை வீதம் 8192 கட்டளைகள். நிரப்பும் நேரத்தில் படிக்க முடியாது என்பதால், வேகப் பித்தர்கள் இந்த இடைவெளியை நான்கைந்து மடங்கு நீட்டிவிடுவதுண்டு. மற்ற டைமிங்குகளைக் குறைப்பது வேகம், இதை மட்டும் கூட்டினால் வேகம். குளிர்ந்த அறையில் இது வேலையும் செய்யும். சூடு ஏறினால் ஒழுகல் கூடும். 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது பொதுவான மதிப்பீடு. 85 டிகிரியைத் தாண்டினால் நிரப்பும் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று பொதுத்தரமே சொல்கிறது. மார்கழி இரவில் தேறிய கணக்கு, ஏப்ரல் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுக்கூரைக்குக் கீழே, தூசி அடைத்த மின்விசிறியோடு, வேறு தேர்வு எழுதுகிறது. வெளியே 15 டிகிரி ஏறினால் பெட்டிக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும்.

தோற்றால் இயந்திரம் நின்றுவிட்டால் நல்லது. நீலத் திரை வந்தால் இன்னும் நல்லது, ஏதோ கோளாறு என்றாவது தெரியும். புரளும் பிட்டுகளில் பல, யாரும் பயன்படுத்தாத இடத்தில் விழுந்து தொலையும். பயமெல்லாம் மௌனமாகப் புரண்டு, கோப்போடு கோப்பாகச் சேமிக்கப்பட்டுவிடும் ஒரு பிட்டைப் பற்றித்தான். தமிழில் எழுதுகிறவர்கள் இதை மற்றவர்களைவிடக் கூர்ந்து கவனிக்கலாம். யூனிகோடு அட்டவணையில் ர, ற இரண்டும் அடுத்தடுத்த எண்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். ல, ள அப்படியே. ந, ன அப்படியே. எருத்தேன்பதிப் பக்கத்தார் வெகுகாலம் கோரிய மூலத்தறா வலதுகரைக் கால்வாய் நீட்டிப்புக்கு ஒரு மனு தட்டச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிட் புரண்டால் அது 'வலதுகறை'. விலை விளையாகும். எல்லையோர ஊரில் இந்தப் பிழைக்குப் பழி யார் மேல் விழும்? தட்டச்சு செய்தவர் மேல். மலையாளக் காற்று பட்ட தமிழ் என்று ஒரு கிண்டலும் சேரும். எழுத்தாவது பரவாயில்லை, படிக்கிறவர் திருத்திப் படித்துக்கொள்வார். 1 என்ற எண்ணும் 9 என்ற எண்ணும்கூட ஒரே பிட் தூரத்தில்தான் இருக்கின்றன. சொசைட்டிக் கடன் கணக்கில் 1000, 9000 ஆனால் எந்த வாசகரும் திருத்த மாட்டார்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் நகரில் மின்னணு வாக்கெடுப்பில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. விழக்கூடிய வாக்குகளைவிட அதிகமாக இருந்ததால்தான் மாட்டிக்கொண்டது. 4096 என்பது 2-ஐ 12 முறை பெருக்கிய எண், ஒரு பிட்டின் மதிப்பு. விண்வெளித் துகள் ஒன்று மெமரியில் மோதியிருக்கலாம் என்பது ஊகம். ஓவர்க்ளாக் எதுவும் செய்யாத இயந்திரங்களின் கதை இது. கூகுள் சர்வர்களைச் சுமார் இரண்டரை ஆண்டு கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம்களில் பிழை கண்டது. சர்வர்களில் 'இசிசி' என்ற பிழை திருத்தும் மெமரி உண்டு, பிழைத்துக்கொள்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அது கிடையாது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சாதாரண மக்களுக்கு அது கிடைக்காமல் செய்ததற்காக 2021-ல் இன்டெல்லைக் கடுமையாகச் சாடினார். 2022 அக்டோபரில் அவருடைய சொந்த இயந்திரத்திலேயே இசிசி இல்லாத ரேம் ஒன்று கெட்டது. புதிய கெர்னல் பிழை என்றே முதலில் சந்தேகம் போனது. அவருக்கே அந்த நிலை.

லாபம் எவ்வளவு? தட்டச்சு, கணக்கு, இணையம் பார்க்கிறவருக்கு ஏறக்குறைய பூஜ்யம். தனி கிராபிக்ஸ் கார்டு வைத்து விளையாடுகிறவருக்குச் சில சதவீதம். கார்டு வாங்க வசதியில்லாமல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸையே நம்பியிருக்கும் மாணவருக்குத்தான் மெய்யான லாபம், ஏனென்றால் அது மெமரியைத்தான் சுரண்டித் தின்கிறது. ஆனால் அவருக்கும் முதல் மருந்து வேறு. ஒற்றை ரேமோடு விற்கப்பட்ட பெட்டியில் அதே அளவு இன்னொன்றை, மதர்போர்டுக் கையேடு சொல்லும் துளையில் செருகினால், வோல்டேஜைத் தொடாமலே பாதை இரட்டிப்பாகும். அதன் பிறகும் ஆசை தீராவிட்டால் எக்ஸ்எம்பி, சித்திரை வெயிலில் பகல் முழுக்க ஒரு சோதனை, ஒரு பிழை வந்தாலும் ஒரு படி பின்வாங்கல். தேறிய பிறகும் ஒரு படி குறைத்தே வைப்பது இந்த மாவட்டத்துக்கு ஏற்றது.

டிடிஆர்-5 வந்த பிறகு கடைகளில் புதிதாக ஒரு பேச்சு கேட்கிறது: இதில் சிப்புக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறது, தைரியமாக முடுக்கலாம் என்று. வசதி இருப்பது உண்மை. ஆனால் அது சிப்புக்குள் உறங்கும் பிட்டுகளை மட்டுமே காக்கும். சிப்பைவிட்டு வெளியேறி மதர்போர்டுக் கம்பித்தடங்களில் பிராசஸருக்கு ஓடும்போது அந்தக் காவல் கூட வருவதில்லை. அளவு மீறி முடுக்கிய மெமரி வழுக்கி விழும் இடங்களில் அந்தத் தடமும் ஒன்று.