செல்போன் கையில், சிட்டை எங்கே?

நம் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்தில் இன்று செல்போன் இல்லாத கடைக்காரரைப் பார்ப்பது அரிது. அது நல்லதுதான். ஆனால் செல்போன் வந்ததும் சிட்டையையும் குறிப்பேட்டையும் பரணில் போட்டுவிட்டோமே, அது சரியா?

எழுபதுகளின் கடைசியில் நான் மண்டிக்கு வந்தபோது, குண்டூர் மிளகாய் விலையோ விருதுநகர் உளுந்து விலையோ தெரிய வேண்டுமானால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைப்பதற்குள் அங்கே விலை மாறியிருக்கும். அவசரமென்றால் தந்தி, அதில் சொல்லுக்குச் சொல் காசு. அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. 1995-ல் நம் நாட்டில் செல்போன் வந்த புதிதில், நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே கட்டணம் கட்டினோம். இன்றோ பத்து நிமிடத்தில் மூன்று ஊர் விலை கேட்டுக் கொள்முதலை முடிக்கிறோம். எண்ணூர் கடைக்காரர் கடையை அடைக்காமலே ஆர்டர் போடுகிறார். இந்த வசதியை வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நினைத்துப் பாருங்கள். செல்போன் டவர் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். தண்ணீர் சூழ்ந்த தெருவுக்கு டீசல் எப்படி வரும்? பழைய கம்பி டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். கடையில் கரண்ட் இல்லாவிட்டாலும் மணி அடிக்கும். புயலன்று என் செல்போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. யாரிடம் எவ்வளவு பாக்கி, யாருடைய நம்பர் எது, எல்லாம் அதற்குள்ளே. பழைய நோட்டில் இருந்த நாலைந்து பேர் கணக்குதான் கைகொடுத்தது.

அடுத்தது, எழுதிய சொல் நிற்காமல் போவது. வாட்ஸ்அப்பில் அனுப்பியவரே செய்தியைத் திருத்தலாம், இரு பக்கமும் அழித்தும் விடலாம். எனக்கே நேர்ந்தது. துவரம்பருப்பு 15 மூட்டை என்று பார்த்து லோடு அனுப்பினேன். 5 தான் கேட்டேன் என்றார் கடைக்காரர். போனைத் திறந்தால் செய்தி நீக்கப்பட்டிருந்தது. அனுப்பியது முதலாளியா, கடைப் பையனா, இன்றுவரை தெரியாது. வண்டி வாடகை என் தலையில். நெடுநாள் பழக்கமும் கசந்தது. சிட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்கிய காலத்தில் இந்த வம்பு இல்லை.

மூன்றாவது, பணம். 2016-ல் வந்த யுபிஐ சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்த்தது. ஆனால் வாடிக்கையாளர் தன் போனில் காட்டும் பச்சை நிறக் குறி வெறும் படம்; போலியாகவும் இருக்கலாம். நம் கடை சவுண்ட் பாக்ஸில் ஒரு சிம் இருக்கிறது. பணம் வந்த தகவல் அந்த சிம் வழியாக வந்தால்தான் அது பேசும். சிக்னல் இல்லையென்றால் பணம் வந்திருந்தாலும் பேசாது. எனவே வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டே சரக்கைக் கொடுங்கள். பார்க்காமல் வாடிக்கையாளரிடம் சண்டைக்கும் போகாதீர்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எப்போதும் தேவையில்லை. கேட்டால் மோசடிதான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள்.

என் யோசனை இதுதான். செய்தியில் வந்த ஆர்டரை ஒருமுறை வாயால் பேசி உறுதி செய்துகொண்டு, தேதி, அளவு, விலையோடு சிட்டையில் எழுதுங்கள். சரக்கு இறங்கும்போது கையெழுத்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை பாக்கிக் கணக்கையும் முக்கிய நம்பர்களையும் பேரேட்டில் ஏற்றுங்கள். வழக்கென்று வந்தால் போன் செய்தியையும் கோர்ட் ஏற்கும். ஆனால் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். சிறு கடைக்காரர் அதற்கு எங்கே அலைவார்?

நமது சங்கமும் உறுப்பினர்களின் தொலைபேசிப் பட்டியலை அச்சிட்டுக் கடைக்குக் கடை கொடுக்க வேண்டும். அடுத்த மழைக்கு முன் இதைச் செய்யும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.