இல்லறக் கணக்கு: கூப்பன் அரிசியும் குடும்ப அட்டையும்

சென்ற திங்கள் கப்பலில் எங்கள் வீட்டிற்கு ஒரு மூட்டை வந்து சேர்ந்தது. ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை நாம் போர்ட் பிளேர் என்றழைத்த பட்டணந்தான்) குடியிருக்கும் எங்கள் தங்கை மகள் அனுப்பியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் சலவைத்தூள் மூன்று பொட்டலம், பழரசம் இரண்டு புட்டி, பிள்ளைகள் தின்னும் மசாலாச் சேமியா ஒரு கட்டு. கூடவே ஒரு கடிதம்: “பெரியம்மா, கூப்பன் போட்டு வாங்கினோம். நூறு ரூபாய் மிச்சம்!”

கடிதத்தோடு பற்றுச்சீட்டையும் மடித்து வைத்துவிட்டது அவள் செய்த பிழை. கணக்கு எழுதிப் பழகிய கண் சும்மா இருக்குமா? அவர்கள் வீட்டிற்கு உண்மையில் வேண்டியிருந்த பருப்பும் எண்ணெயும் புளியும் மிளகாயும் சேர்ந்து 640 ரூபாய்க்குத்தான் வந்தன. ஆனால் அக்கூப்பன் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் செல்லும். ஆகவே சாமான் 1,050 ரூபாய்க்கு ஏறியது; நூறு கழிந்தது; 950 கொடுத்தாயிற்று. நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக 310 ரூபாய் கூடுதலாகப் போயிற்று. அந்த 310 ரூபாய்தான் கடல் கடந்து சலவைத்தூளாக எங்கள் வீட்டு மூலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அன்பாக அனுப்பியதல்லவா? ஆயினும் இம்மாதப் பக்கத்தை இவ்விஷயத்துக்கே ஒதுக்குவதென்று தீர்மானித்தோம்.

கூப்பன் என்பது வெட்டியெடுத்த துண்டு எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். அமெரிக்காவில் 1887-ஆம் ஆண்டளவில் கோக்கோ கோலா கம்பெனியார் ஒரு குவளை பானம் இலவசம் என்று சீட்டு அச்சடித்துக் கொடுத்தனர். வியாபாரக் கூப்பனின் தொடக்கமாக அதையே சொல்வது வழக்கம். அன்று முதல் இன்று கைப்பேசியில் வந்து விழும் கூப்பன் வரையில் அதன் சுபாவம் மாறவில்லை. விற்பவனுக்கு எது விற்க வேண்டுமோ அதற்குத்தான் அவன் கூப்பன் தருவான். நமக்கு வேண்டிய பொருளும் அவன் விற்க விரும்பும் பொருளும் ஒன்றாய் அமைகின்ற நாளில் அது உண்மையான லாபமே. அதை வேண்டாமென்று சொல்வாரில்லை. ஆனால் சாமான் பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே கூப்பனைத் தேட வேண்டும். எங்கள் தங்கை மகள் வரிசையை மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

கச்சால் தீவில் வாழும் நமக்கு, அதிலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு, கூப்பன் என்ற சொல் வேறொன்றையே நினைவூட்டும். அங்கே கூப்பன் என்றால் அரிசி. கூப்பன் புத்தகம், கூப்பன் கடை, கூப்பன் அரிசி என்ற சொற்களோடு நாம் வளர்ந்தோம். யுத்த காலமாகிய 1942-இல் அங்கு பங்கீடு தொடங்கிற்று. யுத்தம் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1953-இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினர். அவ்வாண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். ஒரு கொத்து அரிசி ஒரு பிரதமரை இறக்கிற்று என்று எங்கள் தகப்பனார் காலஞ்செல்லும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ரப்பர் வெட்டியவர்களுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1952 டிசம்பரில் இலங்கை சீனத்தோடு ஒப்பந்தம் செய்து, ஆண்டுக்கு 50,000 டன் ரப்பரைக் கொடுத்து 2,70,000 டன் அரிசி வாங்குவதென்று முடிவாயிற்று. விடியுமுன் எழுந்து நம் பெரியோர் வெட்டிய பால், கப்பலேறிப் போய் அரிசியாகித் திரும்பி, அதே கைகளுக்குக் கூப்பனில் கிடைத்தது. பின்னர் அக்கைகளே கச்சாலுக்கு வந்து இங்கும் ரப்பர் வெட்டின.

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1966 டிசம்பரில் வாரம் ஆளுக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கை ஒரு கொத்தாகக் குறைத்தனர். அந்த ஒரு கொத்து இலவசம் என்றாயிற்று. எங்கள் வீட்டில் ஆறு உருப்படி. ஆகவே வாரம் ஆறு கொத்து. அதற்குச் சில மாதங்களுக்குப் பின் பாட்டியார் இறந்தார். சாவுச் செலவுக்குக் கையில் காசில்லை. எமது அன்னையார் தோட்டத்திற்கு அண்மையிலிருந்த ஒரு கடையில் கடன் பெற்றார். ஈடாக வைத்தது ஆறு பேருடைய கூப்பன் புத்தகங்கள். கடைக்காரர் வாரந்தோறும் ஆறு கொத்தையும் எடுத்துக்கொண்டு, கடனில் ஏதோ ஒரு தொகையைக் கழித்து வந்தார். எவ்வளவு கழித்தார் என்பது அவருடைய பேரேட்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அரிசி வேண்டுமானால் அதே கடையில் வெளிவிலைக்கு, மீண்டும் கடனாக. இலவசமாக வரவேண்டிய எங்கள் அரிசியையே எங்களுக்கு அவர் விலைக்கு விற்றிருக்கலாம். அதை இன்று யார் கண்டார்? ஓராண்டுக்கு மேல் இது நடந்தது. இரவில் ரொட்டியும் தேநீருமாகக் காலம் கழிந்தது. கடைசியில் அன்னையார் காதிலிருந்த தோட்டைக் கழற்றி விற்றுப் புத்தகங்களை மீட்டார். அதன் பிறகு அவர் காதில் தோடு ஏறவில்லை. கூப்பன் புத்தகங்கள் அவருடைய தகரப்பெட்டியின் அடியில், கலியாணச் சேலையின் மடிப்புக்குள் இருந்தன.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி செய்யப்பட்ட ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நம்மவர் கப்பலேறினர். அங்கேயே தங்கியவர்களுடைய கூப்பனுக்கு நேர்ந்ததையும் நாம் அறிந்திருப்பது நன்று. 1978-இல் மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமே இலவச அரிசி என்று வரையறுத்தனர். 1979 செப்டம்பரில் அரிசிப் பங்கீட்டையே நீக்கி, அதன் இடத்தில் உணவு முத்திரை என்ற சீட்டைக் கொண்டுவந்தனர். பார்வைக்கு இரண்டும் காகிதந்தான். ஆனால் பழைய கூப்பனில் எழுதியிருந்தது அரிசியின் அளவு. புதிய முத்திரையில் எழுதியிருந்தது ரூபாய். அரிசி விலை ஏறினாலும் ஒரு கொத்து ஒரு கொத்தாகவே இருக்கும். ரூபாயோ அப்படியன்று. சில ஆண்டுகளுக்குள் விலைவாசி ஏறிற்று. முத்திரையின் தொகை நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குக் கிடைத்த அரிசி சுருங்கிப் போயிற்று. தோட்டத்துக் குடும்பங்களிற் பெரும்பாலானவை, கணவனும் மனைவியும் பெயர் பதிந்து கூலி பெற்றமையால், 300 ரூபாய் வரம்பைக் கடந்துவிட்டனவென்று அதற்கும் வெளியே நின்றன.

ஆகவே எந்தச் சீட்டைக் கையில் வாங்கினாலும், அதில் எழுதியிருப்பது பொருளா பணமா என்று பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. நம்மிடம் இப்போதிருக்கும் குடும்ப அட்டையில் எழுதியிருப்பது பொருள். 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம். அந்த்யோதயா அட்டையானால் குடும்பத்திற்கு 35 கிலோ. தொடக்கத்தில் அரிசி கிலோ 3 ரூபாயாக இருந்தது. 2023 ஜனவரி முதல் இலவசம். 2024 ஜனவரி முதல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு அவ்வாறே என்று அறிவித்திருக்கின்றனர். நால்வர் கொண்ட முன்னுரிமைக் குடும்பத்திற்கு மாதம் 20 கிலோ. கடையரிசியைக் கிலோ 50 ரூபாயென்று வைத்துக்கொண்டாலும், மாதம் ஆயிரம், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய். இவ்வளவு தரும் வியாபாரக் கூப்பன் எந்தப் பட்டணத்திலும் இல்லை.

இருந்தும் நம்மவர் பலர் இதிற் பாதியை இழக்கின்றனர். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் தீவில் ஜனத்தொகை சரிபாதிக்கு வந்துவிட்டது. மாண்டவர் போக, பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் பட்டணத்துக்கும் தாய்நாட்டுக்கும் போயினர். மூத்தவன் சென்னையில், இளையவள் ஸ்ரீ விஜயபுரத்தில், பெற்றோர் மட்டும் கச்சாலில் என்பது இன்று சாதாரணம். அட்டையில் நான்கு பெயர். அரிசி வாங்குவது எங்கே, யார் என்பதில் குழப்பம். இதற்கென்றே ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ ஏற்பாடு 2019-இல் தொடங்கி, 2022-க்குள் எல்லா மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் எட்டிற்று. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. சென்னையிலிருக்கும் மகன் தன் பங்காகிய 5 கிலோவை அங்குள்ள நியாயவிலைக் கடையில் கைரேகை வைத்துப் பெறலாம். மிகுதியை இங்கே பெற்றோர் பெறலாம். புதிய அட்டை வேண்டாம்; அட்டை எண் அல்லது ஆதார் எண் போதும். ஆனால் சர்க்கரை, பருப்பு, எண்ணெய் முதலியன அந்தந்த மாநிலத்தார் தம் செலவில் கொடுப்பவை. அவை வெளியூர் அட்டைக்குக் கிடையா. இதை அறியாமல் கடைக்காரரோடு சண்டையிட்டுத் திரும்பியவர்களை நாம் அறிவோம். ஐயம் தோன்றினால் 14445 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

எங்கள் தங்கை மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கலியாணமாகி ஆறு ஆண்டுகள். அவள் பெயர் இன்னும் தகப்பன் அட்டையில்தான் கிடக்கிறது. ஆதார் சரிபார்ப்புக்கும் அவள் போகவில்லை. அவளுடைய 5 கிலோவை இங்கேயும் யாரும் வாங்குவதில்லை, அங்கேயும் அவள் வாங்குவதில்லை. ஆண்டுக்கு 60 கிலோ. முன் சொன்ன விலைக்கு 3,000 ரூபாய். நூறு ரூபாய்க் கூப்பனுக்காகக் கடையெல்லாம் சுற்றுகிறவள் இதை விட்டுவைத்திருக்கிறாள்! சரிபார்ப்புக்காக இவ்வளவு தொலைவு கப்பலேறி வரவும் வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊர்க் கடையிலேயே முடித்துக்கொள்ள இப்போது வசதி செய்திருக்கின்றனர்.

தாய்மார்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று. பதினெட்டு வயது நிறைந்த பெண்களில் மூத்தவரே அட்டையின் குடும்பத் தலைவி என்று அச்சட்டம் கூறுகிறது. நியாயவிலைக் கடைக்காரர் அட்டையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாதென்றும் 2015-ஆம் ஆண்டு ஆணை விதிக்கிறது. “மழைக்காலம், அட்டை நனைந்துவிடும், இங்கேயே இருக்கட்டும்” என்று யாரேனும் அன்போடு கேட்டாலும், கொடுக்க வேண்டாம். கடனுக்கு ஈடாகவோ, கொடுக்கவே வேண்டாம். கைரேகைக் காலத்தில் யார் அட்டையை வைத்து என்ன செய்ய முடியும் என்று சிலர் நினைக்கலாம். ரேகை வைத்துவிட்டு, பதிவானது எவ்வளவு என்று பாராமல், கொடுத்ததை வாங்கி வருவோர் எத்தனை பேர்? இயந்திரம் தரும் சீட்டைக் கேட்டு வாங்கி, எடையோடு ஒத்துப் பாருங்கள். பால்வெட்டிக் கைரேகை தேய்ந்த முதியோர்களுக்கு இயந்திரம் மறுத்தால், கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கொண்டோ வேறு முறையிலோ தரும்படி கேட்க வேண்டும், வெறுங்கையோடு திரும்பலாகாது.

கப்பல் தாமதிக்கும் மாதங்களை முன்னிட்டு அரிசியைச் சேமிப்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தனர். நமது தீவின் ஈரக்காற்றில் சாக்கோடு வைத்தால் ஒரு மாதத்தில் வண்டு விழுந்துவிடும். வெயில் கண்ட நாளில் உலர்த்தி, மூடியுள்ள தகர டப்பாவில் காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ இட்டு வைப்பதே எங்கள் வீட்டு வழக்கம்.

தங்கை மகளுக்குப் பதில் எழுதிவிட்டோம். சலவைத்தூள் கிடைத்தது, சந்தோஷம் என்று முதல் வரி. ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு நாளையே பக்கத்துக் கடைக்குப் போ என்று இரண்டாவது வரி. அவளுடைய பாட்டியாரின் தோட்டைப் பற்றி அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. அதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி, அடுத்த கப்பலுக்கு அனுப்பியிருக்கிறோம்.