பேஸ்புக் பக்கம் வெப்சைட் இல்லை

மாவனல்லையிலயும் சுற்றியுள்ள தோட்டங்களிலயும் ஒரு இளைஞர் அமைப்பு தொடங்கினால் முதல் வேலை பேஸ்புக் பக்கம் திறப்பதுதான். கூட்ட அறிவித்தல், கவிதை, புலமைப்பரிசில் பெறுபேறு எல்லாம் அங்கதான். "உங்களுக்கு வெப்சைட் இருக்கா?" என்று கேட்டா அந்தப் பக்கத்தின் பேரைச் சொல்லுவாங்க. நாங்க இதை ஏற்கவில்லை. அது வாடகை வீடுகூட இல்லை, அடுத்தவன் திண்ணை.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தபோது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் ஏறக்குறைய ஒரு வாரம் முடக்கியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் அதே கதை. வெறுப்பு அங்க பரவியது உண்மைதான். ஆனா எங்கட ஊரில் என்ன நடக்குது என்று சொல்ல இருந்த ஒரே வாசலும் சேர்ந்து மூடிற்று. சாதாரண வெப்சைட்டுகள் அந்தத் தடைக்குள் வரவில்லை.

சரி, வெப்சைட் செய்வோம் என்றால் கோர்ஸ்களில் சொல்லித்தருவது நிறமும், எழுத்தும், சுழலும் படமும். அது சுவரில் ஒட்டின நோட்டீஸ். வாசிப்பவர் ஏதாவது எழுதித் தந்தா வாங்கிவைக்க அதுக்குக் கை இல்லை. அந்தக் கைதான் சேர்வரில் ஓடும் புரோகிராம். பீஎச்பீயை எடுங்க. விலை குறைந்த ஹோஸ்டிங்கிலயும் பெரும்பாலும் அது கிடைக்கும். இன்டெக்ஸ் டொட் பீஎச்பீ என்று ஒரு பைல், அதில் 'எக்கோ' என்று ஒரு வரி, அதை வெப்சைட்டின் போல்டரில் போட்டா தொடக்கம் முடிஞ்சுது. பைலை உங்கட கொம்பியூட்டரில் சும்மா கிளிக் பண்ணிப் பார்க்க ஏலாது. சேர்வர் அதை ஓட்டி, விடையை மட்டும்தான் பிரவுசருக்கு அனுப்பும்.

டிகிரி வேணும் என்று பயமுறுத்துறவங்களுக்கு ஒன்று சொல்லுவோம். ராஸ்மஸ் லெர்டோர்ப் தன்ட சொந்த வெப் பக்கத்தைக் கவனிக்க எழுதின சின்னக் கருவிதான் 1995இல் பீஎச்பீயாக வெளிவந்தது. 2004இல் பேஸ்புக்கையே பீஎச்பீயில்தான் எழுதினாங்க. தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் தளம் ஓடுற மீடியாவிக்கியும் பீஎச்பீதான்.

ஆனா ஆங்கில உதாரணங்களை அப்படியே கொப்பி அடிச்சா தமிழ் உடையும். 'மாவனல்லை' என்பது எங்களுக்கு 5 எழுத்து. பீஎச்பீயின் ஸ்ட்ர்லென்னிடம் கேட்டா 24 என்று சொல்லும், அது எண்ணுவது பைட்டை. எம்பி ஸ்ட்ர்லென் 8 என்று சொல்லும், அது குறியீட்டை எண்ணுது. கிராபீம் ஸ்ட்ர்லென்தான் 5 என்று சரியாச் சொல்லும். தலைப்பை 10 பைட்டில் வெட்டச் சொன்னா 'மாவ' வரை வந்து 'ன' சிதறும். டேட்டாபேஸைப் பழைய லத்தீன் செட்டிங்கில் விட்டா ஊர்ப் பேருக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வரும். இதை எங்களுக்காக வேற யாரும் உட்கார்ந்து திருத்தப்போவதில்லை.

எதுக்கு இவ்வளவு பாடு? 2016 மே 17 அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை நினைச்சுப் பாருங்க, எங்கட பக்கத்து ஊர். ஒவ்வொரு டிவிஷனிலயும் ஒருத்தர் அன்றைய மழையை மில்லிமீற்றரில் பதிய ஒரு தமிழ் போர்ம், வந்ததை நேரத்தோட வரிசையாக் காட்ட ஒரு பக்கம். புதுசாப் படிச்சவர்களும் இரண்டு வாரத்தில் செய்யலாம். நேர வலயத்தை கொழும்புக்கு மாற்ற மறக்கவேணாம், இல்லாட்டி பீஎச்பீ 5 மணி 30 நிமிடம் பிந்திய நேரத்தைக் காட்டும். மலைச்சரிவு விசயத்தில் அது விளையாட்டில்லை. போர்மில் யார் எதை எழுதினாலும் நம்பவும் வேணாம். காட்டும்போது எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ், டேட்டாபேஸில் போடும்போது பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட். முதல் நாளிலேயே இதைப் பழகுங்க, பிறகு என்று விட்டா வராது.

பேஸ்புக்கை விடச் சொல்லவில்லை, சனம் அங்கதான் இருக்கு. எழுதுவது உங்கட தளத்தில் இருக்கட்டும், லிங்கை அங்க போடுங்க. ஹோஸ்டிங்குக்கும் டொமைனுக்கும் வருசாவருசம் காசு கட்டவேணும், அதை அமைப்பின் சந்தாவில் எழுதிவைங்க. மாசத்துக்கு ஒருக்கா டேட்டாபேஸை இறக்கி பென்டிரைவில் வைங்க. பாஸ்வேர்ட் மூன்று பேரிடமாவது இருக்கட்டும். ஒருத்தரிடம் மட்டும் இருந்து அவர் கட்டாருக்குப் போயிட்டா, தளமும் அவரோட பிளேன் ஏறிரும்.