எஞ்சிய சோறு எங்கே போகிறது?

இரவில் மிஞ்சிய ஒரு கோப்பைச் சோற்றைக் காலையில் குப்பை வாளியில் இடுவதை நாம் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. ஆயின் அச்சோறு எங்கே போகிறது? கண்டி நகரின் குப்பை நெடுங்காலமாகக் கொஹாகொடவில், மகாவலி கங்கைக்கு அருகே கொட்டப்பட்டு வந்தது. அதிற் பெரும்பகுதி அழுகும் கழிவே. மழையில் ஊறி வடிந்த கரிய நீர் ஆற்றிற் கலந்ததை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வாறுதான் போல்கொல்லையைக் கடந்து, திகன மக்கள் நாள்தோறும் காணும் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1985இல் திறந்த அந்த அணைக்காகப் பழைய தெல்தெனிய பட்டினமே நீரில் மூழ்கிற்று, வயல்களும் மூழ்கின.

2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி தொன் என்றும், அதில் 60 வீதம் இல்லங்களில் வீணானதென்றும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் கணக்கிட்டது. அதே ஆண்டிலேதான் நம் நாட்டில் எத்தனையோ தாய்மார் தம் சோற்றைக் குறைத்துப் பிள்ளைகளுக்கு இட்டனர்.

உலை வைக்குமுன், இரவு உண்போர் யார் யார் என்று கேட்டறிவோம். அரைச் சுண்டு அரிசி குறைவதாற் குடி முழுகிவிடாது. மிஞ்சினால், ஆறியதும் தாமதியாது நீர் ஊற்றுவோம். விடியலில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் பழஞ்சோறு. (பிள்ளைகள் முகஞ்சுளிப்பர், இரண்டு நாள் பொறுத்தால் அவர்களே கேட்பர்.) பலாக்கொட்டையை எறியாது கறியாக்குவோம். தோலும் காம்பும் வாழையடிக் குழிக்குப் போகட்டும். பொலித்தீன் மட்டும் அங்கே வேண்டாம்.