கோபுரம் கட்டுமுன் கணக்கு



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம் வந்து, "ஐயா, மகன் ஜப்பானுக்குப் போய் ஆறு மாதமாகிறது. வீட்டுக்கடனுக்கு இன்னும் ஒரு ரூபாயும் அனுப்பவில்லை. மனம் மாறிவிட்டானோ?" என்று கண்கலங்கினார். அவருக்காக ஜெபித்தேன். ஆனால் ஜெபத்தோடு ஒரு கணக்கையும் சொல்லவேண்டியதாயிற்று. அதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஜப்பானில் வாடகை வீடு தேடும் அந்நியர், ஷிகிகின் என்னும் முன்பணமும், வீட்டுக்காரருக்குத் திரும்பப்பெறாத கொடையாகிய ரெய்கினும், தரகரின் கட்டணமும், உத்தரவாத நிறுவனத்தின் கட்டணமும் செலுத்த நேரிடும். எல்லா வீட்டுக்கும் இவை அத்தனையும் இல்லை. ஆயினும் குடிபுகுமுன்னே நான்கைந்து மாத வாடகைக்கு ஈடான தொகை கைவிட்டுப் போவது அங்கே அரிதன்று.

மாதச் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடித்தம் உண்டு. அக்காப்பீட்டினால் சிகிச்சைச் செலவில் பொதுவாக 30 விழுக்காடு மட்டுமே நோயாளி கொடுக்கிறார், அது நன்மையே. ஆனால் குடியிருப்பு வரி முந்தைய ஆண்டின் வருமானத்தைக்கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆகவே புதிதாய்ச் சென்றவருக்கு முதலில் அது இராது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கும். சம்பளம் உயராதிருந்தால் கைக்கு வருவது குறையும்.

பயணமும் அப்படியே. வேலைக்குப் போய்வரும் ரயில் கட்டணத்தைப் பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஆராதனைக்குப் போகும் கட்டணம் அவரவர் பையிலிருந்தே. சுற்றுலாப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. அங்கே வேலைசெய்து குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கோ அது கிடையாது. மகனைக் காணச் செல்லும் பெற்றோர் அதை வாங்கலாம். ஆனால் தோக்கியோவிலிருந்து ஓசாகாவுக்குப் புல்லட் ரயிலில் ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். ஒருமுறை மட்டும் போய்த் திரும்புகிறவர்களுக்கு அந்தப் பாஸ் நஷ்டமே. இரவுப் பேருந்து அதைவிட மிக மலிவு.

சிக்கனத்துக்கும் வழி இல்லாமலில்லை. மாலையில் கடைகளில் உணவுக்கு விலைக்குறைப்புச் சீட்டு ஒட்டுகிறார்கள். குழாய்நீரைக் குடிக்கலாம். உணவகத்தில் பரிசுப்பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. பிள்ளைகள் இவற்றையெல்லாம் தாமே கற்றுக்கொள்வார்கள். அதற்குச் சில மாதங்கள் வேண்டும்.

என் கருத்து இதுவே: பிள்ளையை அங்கே அனுப்புகிறவர்கள் முதல் ஆண்டில் அவனிடம் பணம் எதிர்பாராதிருங்கள். அவன் சம்பளத்தை ரூபாயாக மாற்றி உறவினர்முன் சொல்லுகிறோமே, அவன் வாடகையை ஒருநாளாவது ரூபாயாக மாற்றிப் பார்த்தோமா? கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் போதித்தார். கணக்கிடாமல் கடன்வாங்கி அனுப்பிவிட்டு, அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தோளில் வைப்பது அன்பாகாது.

அந்தத் தாயார் அன்றிரவே மகனை அழைத்துப் பேசினார். "பணத்தைக் கேட்கவில்லை, ஐயா. சாப்பிட்டாயா என்றுமட்டும் கேட்டேன். நெடுநேரம் அழுதான்" என்றார்.

இந்த வாரம் தூரதேசத்திலுள்ள நம் பிள்ளைகளை அழைத்து, அந்தக் கேள்வியையே முதலில் கேட்போமாக. கர்த்தர் அவர்களுடைய போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.