வணிகக் கல்விக்கு வேர் எது?

"வணிகம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு?" தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இது கேள்வியாக எழுவதில்லை, தீர்ப்பாகவே வழங்கப்படுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் தனித்தனிப் பாடங்கள். கணக்கியலும் பொருளியலும் பயிலும் மாணவர் பலர் முதலில் கைவிடத் துணிவது இலக்கியத்தையே. பெற்றோர் இதனைச் சிக்கனம் என்கின்றனர்; ஆசிரியர் சிலர் மௌனத்தால் ஒப்புகின்றனர். ஆனால் இது முதலையே கரைக்கும் சிக்கனம்.

ஜோகூரில் இவ்வினா மற்ற இடங்களைவிடக் கூர்மையானது. 2006இல் இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் தொடங்கப்பெற்றது. பின்னர் எடுசிட்டி கல்வி நகரில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் கிளைகள் திறந்தன. 2025 ஜனவரியில் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வணிகப் பட்டதாரிகள் தேவைப்படுவர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் எத்தகைய பட்டதாரிகளாக இருக்கப் போகிறார்கள் என்பதே எண்ணத்தக்கது.

பல்கலைக்கழக அளவிலான முதல் வணிகப் பள்ளி எனப் போற்றப்பெறும் வார்ட்டன் பள்ளி, 1881இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. தனிக்கடையாக அது திறக்கப்படவில்லை. மொழியும் வரலாறும் மெய்யியலும் ஏற்கெனவே வேரூன்றிய நிலத்தில் நடப்பெற்றது. நாளடைவில் அந்நாட்டு வணிகப் பள்ளிகள் பல அவ்வேரை மறந்தன. ஃபோர்டு, கார்னகி நிறுவனங்களின் நிதியுதவியுடன் 1959இல் வெளிவந்த ஈரறிக்கைகளும் அவற்றின் பாடத்திட்டம் குறுகிப் போனதைக் கடுமையாகக் கண்டித்தன. 2001இல் என்ரான் நிறுவனம் சரிந்தபோது, கணக்குத் தெரியாதவர்கள் அதனைச் சாய்க்கவில்லை. கணக்கை நன்கு அறிந்தவர்களே சாய்த்தனர். 2011இல் கார்னகி கல்வி மேம்பாட்டு அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு நூலும், இளநிலை வணிகக் கல்வி கலைக்கல்வியோடு பிணைக்கப்பட வேண்டும் என்றே வாதிட்டது. வணிகத்தின் தலைநகராகக் கருதப்படும் நாடே இவ்வாறு திரும்பிப் பார்க்கையில், ஜோகூர்த் தமிழன் மட்டும் வேரை வெட்டிக் கனி தேடுவது அறிவுடைமையாகுமா?

அயலகச் சான்று வேண்டாவெனின் ஸ்குடாய் நகரையே நோக்கலாம். ஜோகூர்ச் சீன சமுதாயம் 1990இல் இலாப நோக்கின்றி நிறுவிய சதர்ன் கல்லூரி, 2012இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தது. அங்கே வணிகக் கல்வியும் உண்டு; சீனமொழி, இலக்கியக் கல்வியும் உண்டு. வணிகத்தில் வல்லவர் எனத் தமிழர் வியந்து பேசும் அச்சமுதாயம், இலக்கியத்தை வணிகத்தின் பகையாகக் கருதவில்லை. வியப்போர் இதனையும் காண வேண்டாமா?

தமிழில் வணிகத்திற்குரிய சிந்தனை உண்டா எனச் சிலர் கேட்பர். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், தெரிந்துசெயல்வகை, வினைத்தூய்மை என அதிகாரங்களே அடுக்கி நிற்கின்றன. கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத வணிகரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஒருவன் சொல்லை மட்டும் நம்பி, ஆராயாது ஆணையிட்ட பாண்டியனின் வீழ்ச்சியைச் சிலம்பு பேசுகிறது. ஒரே அறிக்கையை நம்பி முடிவெடுக்கும் மேலாளனுக்கு இதனினும் தக்க பாடம் யாது?

மலேசிய மண்ணிலேயே பாடம் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்மரம் சீவியோரின் சிறு சேமிப்பு பங்காகித் தோட்டங்களை வாங்கியது. முதலீடு, மேலாண்மை, மனித உரிமை ஆகிய மூன்றும் கலந்த வரலாறு இது. தன் இனத்தின் வரலாறு அறியாமல் வணிகப் பட்டம் பெறும் மாணவன், இதனைப் படிக்காமலேயே வெளியேறுவான்.

பெற்றோரின் அச்சம் பொருளற்றதன்று. இலக்கியத்தில் உயர்ந்த தேர்ச்சி அரிது. ஒரு தரம் குறைந்தால் பல்கலைக்கழக இடம் கைநழுவலாம். கல்விக் கடனோ பட்டம் பெற்றபின் நெடுநாள் தொடரும். இவ்வச்சத்தை ஏளனம் செய்வோர் வறுமையை அறியாதவர். எனினும் அதற்கு மருந்து பாடத்தைக் கைவிடுவதன்று, பயிற்றுமுறையைத் திருத்துவதே. பதவுரையும் அணியின் பெயரும் ஒப்புவிக்கும் பாடமாக இலக்கியத்தைச் சுருக்கியவர் யார்? வகுப்பறையில் வினா எழாதபடி வாயடைத்துவிட்டு, மாணவன் ஓடுகிறான் என வருந்துவதில் பயனில்லை. கோவலன் செல்வமிழந்ததேன், பாண்டியன் பிழைத்ததெங்கே எனக் கேட்கத் தெரிந்த ஆசிரியரிடம் வணிக மாணவனும் அமர்ந்திருப்பான்.

2019இல் பல்கலைக்கழகங்களில் அறநெறியும் நாகரிகமும் பற்றிய பாடமும், மெய்யியலும் நடப்புச் சிக்கல்களும் பற்றிய பாடமும் பொதுப் பாடங்களாக அறிமுகப்படுத்தப்பட்டன. வாயில் திறந்திருக்கிறது. வள்ளுவரை அறிந்து நுழைபவன் அங்கே தன் மரபோடு பேசுவான். அறியாது நுழைபவன் பிறர் குறிப்புகளை மனனம் செய்து வெளியேறுவான்.

ஆகவே தமிழாசிரியர் கடமை தெளிவானது. ஆறாம் படிவம் செல்லும் மாணவனுக்கு வணிகவியலோடு தமிழையும் பரிந்துரைத்தல் வேண்டும். இலக்கியத்தை நான்காம் படிவத்திலேயே கைவிடத் துணியும் மாணவனின் பெற்றோரை அழைத்துப் பேசுதல் வேண்டும். ஜோகூர்க் கல்லூரிகளில் தமிழ் விருப்பப் பாடமாகவேனும் அமையத் தமிழ் அமைப்புகள் முறையாகக் கோருதல் வேண்டும்.

1950களில் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என முழங்கி நிதி திரட்டியபோது, கூலியாட்களும் கொடுத்தனர். 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உருவாயிற்று. எழுதப் படிக்க அறியாதவரும் பல்கலைக்கழகத் தமிழுக்கு முதலிட்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் முதலீட்டைப் பற்றிப் பட்டம் பெறுவதற்காக அம்முதலையே கைவிடுவரேல், அதற்குப் பெயர் வணிகமன்று, நட்டம்.