மைலோவில் கரைத்த மாத்திரை

தைப்பிங் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அம்மா மகனுக்குத் தெரியாமல் மருந்து கொடுத்து வந்தார். மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி மைலோவில் கரைத்துவிடுவார். மகன் கிளினிக்குக்கு வர மறுத்துவிட்டான். அதனால் மருந்தை அவரே போய் வாங்கி வந்தார். காதில் குரல் கேட்கிறது என்று தொடங்கிய நோய், மருந்து உள்ளே போனதும் அடங்கியிருந்தது. கமுந்திங் தொழிற்பேட்டையில் அவனுக்கு வேலையும் இருந்தது.

ஒருநாள் குவளையின் அடியில் வெள்ளையாய் ஏதோ தங்கியிருப்பதைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. தன்னை யாரோ விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள் என்பதுதான் அவன் நோயே. அதற்குப் பெற்ற தாயே சாட்சி சொன்னது போல ஆகிவிட்டது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேறு வழி தெரியாமல் செய்தார். நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. ரசத்தில் போடுவார்கள், தோசைமாவில் கலப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் தாய்மாமன்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த மிஸ்ஸி அவனைத் திட்டவில்லை. 'மருந்து சாப்பிடணும் தம்பி' என்று உபதேசமும் செய்யவில்லை. "முதல்ல நீயேதானே சாப்பிட்ட? அப்புறம் ஏன் வேணாம்னு விட்ட?" என்று கேட்டார். "கால் நிக்க மாட்டேங்குது மிஸ்ஸி. மெஷின் முன்னால அஞ்சு நிமிஷம் நிக்க முடியல. சூப்பர்வைசர் ஏசுறான்" என்றான் அவன். இத்தனை நாளும் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

அவன் சொன்னதற்கு மருத்துவத்தில் அக்கத்தீசியா என்று பெயர். மனச்சிதைவுக்குத் தரும் சில மருந்துகள் உடலுக்குள் ஓர் இருப்புக்கொள்ளாமையை உண்டாக்கும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். பார்ப்பவர்கள் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். மருந்தின் அளவைக் குறைத்தோ, வேறு மருந்துக்கு மாற்றியோ இதைச் சரிசெய்ய முடியும். மிஸ்ஸி எழுதிவைத்தார், டாக்டர் மருந்தை மாற்றினார். இப்போது இரவில் ஒரு மாத்திரை. அவனே எடுத்துப் போட்டுக்கொள்கிறான்.

மனநலத் தாதியின் வேலை என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இங்கிலாந்தில் தகுதி பெற்ற தாதியர் 2006 முதல் பெரும்பாலான மருந்துகளைத் தாங்களே எழுதிக் கொடுக்கலாம். அமெரிக்காவிலும் மனநலத்தில் மேற்படிப்பு முடித்த தாதியர் மருந்து எழுதுகிறார்கள். நம் நாட்டில் அப்படியில்லை. டாக்டர் எழுதுவார், மருந்தாளர் கொடுப்பார். ஊசி போடுவது, எடை பார்ப்பது, இரத்தம் எடுக்க அனுப்புவது, வராதவர்களுக்குப் போன் செய்வது, சில சமயம் வீடு தேடிப் போவது எல்லாம் தாதியரும் துணை மருத்துவ அதிகாரிகளும்தான். மருந்து எழுதும் உரிமை அவர்களுக்கும் வேண்டுமா என்பது பெரிய விவாதம். இருக்கிற வேலையையே நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

நம் பாட்டன் காலத்தில் தோட்டங்களில் மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்தார்கள். காலையில் பெரட்டில் நிற்க வைத்து, விழுங்குகிறார்களா என்று பார்ப்பார்கள். கசப்பு தாங்காமல் நாக்கின் அடியில் ஒதுக்கித் துப்பியவர்களும் உண்டு. மருந்து கொடுப்பவர் என்றால் நம்மைக் கண்காணிக்க வந்தவர் என்ற எண்ணம் அந்தக் காலத்திலிருந்தே நம்மோடு வருகிறதோ என்று சில நேரம் தோன்றும். மிஸ்ஸி கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து புலம்புகிறோம்.

இன்னொரு பயமும் உண்டு. பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் மருத்துவமனை திறந்தார்கள். அந்த ஊர்ப் பெயரே இன்றுவரை ஒரு வசைச்சொல். மருத்துவமனைக்குப் 'பஹாகியா' என்று மகிழ்ச்சியைப் பெயராக வைத்தும் வசை போகவில்லை. ஆனால் இன்று பெரும்பாலோர் அங்கே போக வேண்டியதே இல்லை. தைப்பிங் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட், மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். மருந்தும் அதற்குள் அடக்கம்.

மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள் சில நமக்குத் தோன்றவே தோன்றாது. லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கு அது நல்ல மருந்து. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். அதனால்தான் கடைசியாகச் சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வயிற்றுப்போக்கு, கடுங்காய்ச்சல், தண்ணீர் குறைவாய்க் குடித்துக்கொண்டு வெயிலில் நடக்கும் காவடி எல்லாம் இதில் சேரும். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுப்பவர் லித்தியம் சாப்பிடுகிறார் என்றால், விரதம் தொடங்கும் முன்பே கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். சாமி காரியத்தை எதற்கு அங்கே சொல்வது என்று நினைக்காதீர்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும் லித்தியத்தை ஏற்றிவிடும். கை நடுங்கினால், நடை தள்ளாடினால், வாந்தி வந்தால் அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

குளோசப்பின் சாப்பிடுபவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்க முதல் 18 வாரங்கள் வாராவாரம் இரத்தப் பரிசோதனை இருக்கும். அது பலருக்குத் தெரியும். சிகரெட் விஷயம் பலருக்குத் தெரியாது. புகை உடலில் இந்த மருந்தை வேகமாகக் கரைக்கிறது. புகைப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நல்ல காரியம்தானே செய்தோம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. நிறுத்தப் போகும் நாளையே சொல்லிவிட்டால் டாக்டர் அளவைப் பார்த்துக்கொள்வார்.

இதையெல்லாம்விடச் சொல்லக் கூசுவது ஒன்று இருக்கிறது. இந்த மருந்துகளில் சில தாம்பத்திய உறவைப் பாதிக்கும். சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசியும். புதிதாகக் கல்யாணமான பையன் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். மனைவியிடமும் சொல்ல மாட்டான், மிஸ்ஸியிடமும் சொல்ல மாட்டான். மிஸ்ஸிக்கு இது தினமும் காதில் விழும் சங்கதி. கூச்சமாக இருந்தால் ஆண் அதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம். இதற்கும் மாற்று மருந்துகள் உண்டு.

நிறுத்தியவர்கள் மறைப்பார்கள் என்பதையும் தாதியர் அறிவார்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் மீந்து கிடக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எத்தனை மீந்திருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து மீந்திருக்கிறது என்று மிஸ்ஸி எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்பார்.